பக்கத்து ஆற்றுக்காரர் வைத்த பெயர்

சுவிஸில், லாங்கன்தாலில் ஒரு முதியோர் இல்லத்தின் நிலக்கீழ் அறையில் ஆறு வருடம் துணி துவைத்தேன். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் சரித்திரமும் தமிழும் படிப்பித்தவன் நான். அதை அங்கே கேட்க ஆளில்லை. கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் குணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போது எழுத உட்கார்ந்திருப்பது தொண்ணூறுகளின் நடுவில் நடந்த ஒரு காரியத்தைப் பற்றி. அதில் நான் நல்லவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சலவைப் பகுதியில் துவைக்கிற வேலையை இயந்திரம் செய்துவிடும். எங்களுக்குப் பெரிய வேலை பேர் ஒட்டுவது. இல்லத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தால் அவருடைய சட்டை, காலுறை, உள்ளாடை ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் பேர் அச்சிட்ட சின்னத் துணித்துண்டைச் சூட்டில் அழுத்தி ஒட்டவேண்டும். தவறினால் ஒருவரின் காலுறை இன்னொருவரின் காலுக்குப் போய்விடும். மேல்மாடியில் தொண்ணூறு வயதுக்காரர்கள் இரண்டு பேர் சண்டைக்கு நிற்பார்கள். அந்த மேசையில் எனக்கு எதிரே நின்று வேலை செய்தவர் போர்னியோத் தீவிலிருந்து வந்த, இபான் இனத்துப் பெண் ஒருவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சுவிஸ்காரர் ஒருவரைக் கட்டி இங்கே வந்து பதினாறு வருடமாகியிருந்தது. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அது என்ன சொல் என்று கேட்டார். சொன்னேன். பிடித்துக்கொண்டது. பதிலுக்கு அவர் என்னை மாஸ்ரர் என்றார். அந்தக் கட்டடத்தில் என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான், எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. நாங்கள் கதைத்தது இருவருக்கும் பள்ளிக்கூடத்தில் கிடைத்த இங்கிலீஷில். இங்கே அதை என் தமிழில் எழுதுகிறேன்.

முதல் வாரமே எங்கள் ஊர் வழக்கப்படி கேட்டுவிட்டேன்.

"அக்கா, நீங்கள் எவடம்?"

மலேசியா என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு ஆற்றின் பேரைச் சொன்னார். பிறகு அந்த ஆற்றில் விழுகிற சின்ன ஆறு ஒன்றின் பேரையும் சொன்னார். எங்கட ஆட்கள் 'எவடம்' என்று கேட்டு ஊரை மட்டுமா அறிவார்கள்? சாதியையும் சேர்த்து முகர்ந்துவிடுவார்கள். அவர்களுக்கோ ஆறு போதும். ஆற்றைச் சொன்னால் ஆள் யார், எந்த நீள வீட்டுப் பிள்ளை, யாருக்கு உறவு என்பது வரைக்கும் தெரிந்துவிடுமாம். ஒரு ஊர் முழுவதும் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடியிருக்கும், தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய வீடு அது. அவர் பிறந்த வீட்டில் இருபத்திரண்டு கதவுகள், கதவுக்கொரு குடும்பம்.

அவருடைய மாமனார் லாங்கன்தாலுக்குப் பக்கத்தில் ஒரு கமக்காரர். அவருடைய பேரை அக்கா ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. மாமன் மாமியின் பேரைச் சொல்வது அவர்களிடத்தில் ஆகாத காரியம், சொன்னால் கேடு வரும். மனுசனுக்கு இது விளங்கவில்லை. தன்னை மதிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, ஒரு நத்தார்ப் பண்டிகை விருந்தில் எல்லார் முன்னாலும், "எங்கே, என்ர பேரைச் சொல்லு பாப்பம்" என்று கேட்டாராம். அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஊரில் இருந்த என் மனைவியும் கலியாணம் முடித்த நாளிலிருந்து என்னை 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிடுவாள். அரசாங்கக் கச்சேரியில் ஒருமுறை கணவன் பேர் என்ன என்று கேட்டதற்கு, பக்கத்தில் நின்ற தம்பியைச் சொல்லச் சொன்னவள். அன்றிலிருந்து அக்காவும் நானும் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் போல ஆகிவிட்டோம்.

கணவர் அவரைப் பிரிந்து, வில் என்ற நகரத்தில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். ஒரே ஒரு மகள். பதினைந்து வயது, கெட்டிக்காரி. வீட்டில் தாயின் மொழி கதைத்தால் பிள்ளை குழம்பிப் போகும் என்று ஆரம்பத்தில் யாரோ சொல்ல, கணவரும் ஆமென்று நிற்க, அக்கா தன் பாஷையை மூட்டை கட்டி வைத்துவிட்டார். மகளோடு அவர் கதைத்ததெல்லாம் குசினி ஜெர்மன்: சாப்பிடு, குளிருது, கதவைப் பூட்டு, எப்ப வருவாய். பதினைந்து வருடம் இந்த நாலு வசனத்தால் ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறார். மகளுக்கோ தாயின் ஜெர்மன் வெட்கம். கடைகளில் இரண்டடி தள்ளித்தான் நிற்பாள்.

அந்த வருடம் மாசி மாதம் அக்காவின் வயிற்றில் கட்டி என்றார்கள். வெட்டிப் பார்த்தார்கள். பரவிவிட்டது என்று தைத்து அனுப்பினார்கள். பத்து நாளில் அக்கா திரும்ப வேலைக்கு வந்து நின்றார். வீட்டில் இருந்தால் சுவர்தான் தெரிகிறது என்றார்.

ஒரு மதியம், மற்றவர்கள் மேலே சாப்பிடப் போனபிறகு, என்னிடம் கேட்டார்.

"மாஸ்ரர், எனக்கு ஒரு உதவி. நான் போனாப் பிறகு பிள்ளை தேப்பனோட போயிடுவாள். அங்க என்னைப் பற்றிச் சொல்ல ஒருத்தரும் இல்லை. நாங்கள் ஆர், எங்கட பேர் என்ன, ஏன் அந்தப் பேர் எண்டு அவளுக்கு ஒண்டும் தெரியாது. எனக்கு அதை ஜெர்மனிலை சொல்ல வராது. நான் சொல்லுறன், நீங்கள் எழுதித் தாங்கோ."

உடனே ஓம் என்றேன். கூடவே ஒரு பெருமையும் வந்தது என்பதை மறைக்கமாட்டேன். மாலை வகுப்புகளுக்குப் போய், அகராதியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்த என் ஜெர்மனுக்கு முதல்முதலாக ஒரு மரியாதை கிடைத்திருந்தது.

இரண்டு வாரம், மதிய இடைவேளைகளில் எழுதினோம். மடித்த படுக்கை விரிப்புகளின் மேல் கொப்பியை வைத்துக்கொண்டு நான் எழுதுவேன், அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு சொல்லுவார். வலி வந்தால் நிறுத்துவார். வீடு, வயல், வெள்ளம் வந்த வருடம், தாய் பாய் பின்னிய விதம் எல்லாம் வந்தன. ஆனால் அவருக்கு முக்கியமாக இருந்தது பேர். அதைத்தான் முதல் நாளே சொன்னார்.

"சின்னனிலை நாங்கள் எங்களை இபான் எண்டு சொன்னதில்லை. இந்த ஆத்து ஆக்கள் எண்டுதான் சொல்லுவம். வெள்ளைக்கார ராசா காலத்திலை எங்களுக்குக் கடல் டயாக் எண்டு பேர் எழுதினவங்கள். கடலைப் பாக்க எனக்கு வயசு பதினெட்டாச்சு. பிறகு பள்ளிக்கூடத்திலை இபான் எண்டு எழுதினம். அது எங்கட பாஷையிலை இருக்கிற சொல்தான். இபான் எண்டால் மனுசர். பேயுமில்லை, தெய்வமேறி ஆடுற பூசாரியுமில்லை, சும்மா மனுசர். விடியப்புறம் ஆத்திலை பனிப்புகார் மூடியிருக்கேக்கை ஒரு ஓடம் வந்தால் மேல திண்ணையிலை நிண்டு அம்மா கேப்பா, பேயோ மனுசரோ எண்டு. 'இபான்' எண்டு பதில் வரும். அதுக்குப் பிறகுதான் ஏணியை இறக்குவா."

அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டேன். அழகாக இருந்தது. அழகாக இருந்தபடியால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. வாத்தியார் புத்தி.

சனிக்கிழமை நகர நூலகத்துக்குப் போனேன். தெற்காசியாவுக்கு இரண்டே இரண்டு புத்தகம் வைத்திருந்த அந்த நூலகத்தில், போர்னியோ மக்களைப் பற்றித் தடித்த ஜெர்மன் புத்தகம் ஒன்று இருந்தது. பழைய புத்தகம், கனத்த அட்டை, அடிக்குறிப்புகள். அதில் இப்படி இருந்தது: ஆற்றின் மேற்பகுதியில் வாழும் கயான் மக்கள், கீழ்ப்பகுதியில் இருந்து ஏறி வந்தவர்களைத் தங்கள் மொழியில் அலைந்து திரிபவர் என்று பொருள்படும் ஒரு சொல்லால் இகழ்ச்சியாக அழைத்தார்கள்; அதையே வெள்ளையர் எடுத்து எழுத, பிறகு அந்த மக்களே தங்கள் பேராக ஏற்றுக்கொண்டார்கள். இது சிலரின் கருத்து என்றுகூட அந்தப் புத்தகம் சொல்லவில்லை. அப்படித்தான் என்று அடித்துச் சொன்னது.

எங்கட ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. அச்சில் ஏறிவிட்டால் அது வேதம். கண்ணுக்கு முன்னால் ஒரு மனுசி உட்கார்ந்து தன் தாயின் வாயால் கேட்டதைச் சொல்கிறார். அதை நிறுத்துப் பார்க்க நான் புத்தகத்தைத் தேடிப் போகிறேன். வீட்டுக்கு வந்து இதைப் பெரிய கண்டுபிடிப்பாக அறைத்தோழனிடம் சொன்னேன். மட்டக்களப்புப் பக்கத்து ஆள், ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன்.

"வாத்தியார், அந்த மனிசி சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க. ஒங்கட படிப்ப அங்க கொண்டுபோய்க் காட்டாதீங்க" என்றான்.

"உனக்கு விளங்காது. பிள்ளை இஞ்சை படிக்கிறவள். நாளைக்கு அவள் ஒரு புத்தகத்தைப் பாத்திட்டு, அம்மா பிழையாச் சொன்னவ எண்டு நினைக்கக் கூடாதெல்லோ?"

நான் அப்படி உண்மையாகவே நம்பினேன். தாயைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பிள்ளை என் எழுத்தைப் பார்த்து, இவர் வெறும் சலவைக்காரர் இல்லை என்று நினைக்கவேண்டும் என்ற ஆசையும் உள்ளுக்குள் இருந்தது. நல்ல பிரதியில் பேரைப் பற்றிய பகுதியை மாற்றி எழுதினேன். அலைந்து திரிபவர் என்ற பொருளைப் போட்டு, கயான் மக்களைப் போட்டு, கடைசியில் ஒரு வசனம் சேர்த்தேன்: 'இதன் மூலத்தை அறியாத சாதாரண மக்கள், தங்கள் பேருக்கு மனிதர் என்று பொருள் கூறுவர்.' சாதாரண மக்கள்! அந்த வசனத்தை எழுதிவிட்டு நான் இரண்டு தரம் வாசித்து மகிழ்ந்தேன்.

அதற்குள் அக்கா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். மகள் பள்ளிக்கூடம் முடிந்து வரும் வழியில் ரயில் நிலையத்தில் வைத்துத் தாள்களைக் கொடுத்தேன். எட்டுப் பக்கம். அவள் நின்ற இடத்திலேயே முதல் பக்கத்தை வாசித்தாள். முகம் மலர்ந்தது. ஜெர்மனில் கேட்டாள்.

"இது அம்மா சொன்னதோ?"

"ஓம், அம்மா சொன்னதுதான்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். சனிக்கிழமை மகள் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து எட்டுப் பக்கத்தையும் உரக்க வாசித்திருக்கிறாள். அக்காவுக்கு ஜெர்மன் பேச வராதே தவிர, கேட்டால் விளங்கும். மலைப்பாதைகளில் நடப்பவர்களுக்கென்று மஞ்சள் கைகாட்டிகள் நிற்கிற நாட்டில், நடந்து திரிபவனுக்கான சொல் பதினாறு வருடத்தில் யாருக்குத்தான் தெரியாமல் போகும்? அலைந்து திரிபவருக்கு நான் போட்டிருந்ததும் அந்த 'வாண்டரர்' என்ற சொல்தான்.

அக்கா என்னை இருக்கச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.

"மாஸ்ரர், நான் உங்களுக்கு அப்பிடியோ சொன்னனான்?"

புத்தகத்தில் இருந்தது என்றேன். பேராசிரியர் ஒருவர் எழுதியது என்றேன். இதைச் சொல்லும்போதே என் குரல் இறங்கிப்போனது.

"கயான் ஆக்கள் ஆர் தெரியுமோ? என்ர பாட்டன்மாரும் அவங்கட பாட்டன்மாரும் ஆளுக்காள் தலையை வெட்டி எடுத்தவங்கள். அவங்கள் எங்களுக்கு நல்ல பேரோ வைப்பாங்கள்? அந்தப் பேராசிரியர் முதல் அவங்கட வீட்டை போய் இருந்து சாப்பிட்டிருப்பார். கீழ இருக்கிறது ஆர் எண்டு கேட்டிருப்பார். அவங்கள் சொல்லியிருப்பாங்கள். அது உண்மையாவும் இருக்கட்டும். ஆனா அது அவங்கட கதை. என்ர பிள்ளைக்கு என்ர கதையைச் சொல்லத்தானே நான் உங்களிட்டைக் கேட்டனான்?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சொன்னதுதான் என்னை உலுக்கியது.

"அவள் வாசிச்சுப்போட்டு என்ன சொன்னவள் தெரியுமோ? அதாலைதான் நீங்கள் உங்கட அம்மாவை விட்டிட்டு வந்தனீங்கள் எண்டவள். உங்கட ரத்தமே அப்பிடி எண்டு சிரிச்சவள். கோவமாச் சொல்லேல்லை. பகிடியாத்தான் சொன்னவள்."

அக்காவின் தாய் இறந்தபோது அவரால் போக முடியவில்லை. பிள்ளைக்கு அப்போது நாலு மாதம். கடிதம் வந்து சேர்ந்ததே அடக்கம் முடிந்து மூன்று வாரத்துக்குப் பிறகுதான். இதை அவர் எனக்கு ஒருமுறை சொல்லி, திரும்ப அதைப்பற்றிக் கதைக்க வேண்டாம் என்றும் கேட்டிருந்தார். நான் அதை மறக்கவில்லை. அது தெரிந்திருந்தும்தான் அலைந்து திரிபவர் என்று எழுதினேன்.

அந்தக் கட்டிலின் காலடியில் நிற்கும்போது என் அகதி விசாரணை ஞாபகம் வந்தது. நான் ஓடி வந்த பாதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதிகாரி ஒரு வரைபடத்தை விரித்து, எங்கள் தகவலின்படி அந்த இடத்தில் பாதையே இல்லை என்றார். ஊர் என்னுடையது, கால் என்னுடையது, பாதை இல்லை என்கிறது அவருடைய கடதாசி. எனக்கு அன்று வந்த ஆத்திரத்தில் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அதே நாற்காலியில் அக்காவை இருத்தி, அதே கடதாசியை நான் விரித்திருக்கிறேன்.

"அக்கா, என்னை மன்னியுங்கோ. நான் திருப்பி எழுதித் தாறன். நீங்கள் சொன்னது சொன்னபடி."

"கெதியா எழுதுங்கோ" என்றார். பிறகு கையை நீட்டினார். பிடித்தேன். அதுவரை நான் அவர் கையைத் தொட்டதில்லை, அவ்வளவு லேசாக இருந்தது.

அன்று மாலையே எழுதி முடித்திருக்கலாம். இரண்டு பக்கம் மாற்றினால் போதும், கிறுக்கல் கையெழுத்தென்றாலும் போதும், திங்கள் காலை கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் இம்முறை ஒரு பிழையும் இருக்கக் கூடாது என்று எட்டுப் பக்கத்தையும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்தேன். நல்ல தாள் வாங்கினேன். திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன்கிழமை காலை தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன், முடித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று. பத்து மணிக்கு எங்கள் மேற்பார்வையாளர் அம்மா படியிறங்கி வந்து, இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார். விடியப்புறம் அக்கா போய்விட்டாராம். எதிரே மேசையில் அவர் செய்த வேலையை வேறொரு பெண் செய்துகொண்டிருந்தாள். நான் கழிவறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடம் இல்லாத நேரம், மகள் எங்கள் சலவைப் பகுதியில் இருந்த தாயின் அலுமாரியை வெறுமையாக்க வந்தாள். ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து, ஒரு கம்பளிச் சட்டை, கைக்குப் பூசுகிற களிம்பு. அவ்வளவுதான். மறுநாள் வில் நகரத்துக்குத் தகப்பனிடம் போகிறேன் என்றாள். நான் புதுத் தாள்களைக் கொடுத்தேன். இதுதான் சரியான பிரதி என்றேன்.

அவள் நின்றபடி வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"இதிலை மனுசர் எண்டு இருக்கு."

"ஓம்."

"முந்தினதிலை வேறை மாதிரி இருந்தது. எது சரி?"

"இதுதான். அம்மா சொன்னது இதுதான். அது நான் ஒரு புத்தகத்தைப் பாத்து எழுதினது."

"அம்மா எப்ப சொன்னவ?"

"முதல் நாளே சொன்னவ."

அவள் தாள்களை நேராக அடுக்கினாள். ஒரு மூலை மடிந்திருந்தது, அதையும் நீவிவிட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"திங்கக்கிழமை நான் போனபோது அவ அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவ. 'இல்லை, இல்லை, மனுசர், மனுசர்' எண்டு. அவவின்ர ஜெர்மனிலை அதுக்கு மேலை சொல்ல வரேல்லை. எனக்கு எரிச்சல் வந்திட்டுது. அம்மா, உங்களுக்குத் தெரியாது, மாஸ்ரர் படிச்சவர், அவர் எழுதியிருக்கிறார், பாருங்கோ எண்டு கடதாசியைக் காட்டினன். அவ அதையே பாத்துக்கொண்டு கிடந்தா. பிறகு, 'ஓம் பிள்ளை, நீ சொல்லுறதுதான் சரி, நாங்கள் அலையிற ஆக்கள்தான்' எண்டவ. நான் வெண்டிட்டன் எண்டு வீட்டை போனன்."

தாயும் மகளும் கடைசியாகக் கதைத்தது அதுதான்.